வாட்டர் பிளாக்குக்கு எந்தத் தெர்மல் பேஸ்ட்? முதல் தடவை மாட்டுபவர்களுக்கு

காற்றுக் கூலரில் தெர்மல் பேஸ்ட் மாற்றுவது அரை மணி நேர வேலை. நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, துடைத்து, புதிதாக வைத்து, திரும்ப மாட்டிவிடலாம். வாட்டர் பிளாக்கில், அதாவது கணினிச் சில்லின் மேல் உட்கார்ந்து, உள்ளே ஓடும் நீரால் அதைக் குளிர்விக்கும் கட்டியில், அவ்வளவு சுலபமாக முடியாது. வளைந்து கொடுக்கும் குழாய் என்றால் சிபியு பிளாக்கை மட்டும் தூக்கிப் பார்த்துவிடலாம். கடினக் குழாய் என்றால் தண்ணீரை வடித்தாக வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு பிளாக்காக இருந்தால் கார்டையே வெளியே எடுத்து, வரிசையாக ஸ்க்ரூக்களைக் கழற்றி, பேடுகள் (மற்ற சில்லுகளின் மேல் இடைவெளியை நிரப்பும் மெத்தென்ற தாள்கள்) கிழியாமல் பிரித்து, திரும்ப நீர் நிரப்பி, காற்றுக் குமிழிகளை விரட்டி முடிப்பதற்குள் ஒரு விடுமுறை நாள் போய்விடும்.

அதனால் இதற்குப் பேஸ்ட் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது, எதை வைத்தால் மூன்று நான்கு வருடம் பிளாக்கைத் திறக்காமல் இருக்கலாம் என்பதைத்தான். கூடுதலாக ஒரு டிகிரி குறையுமா என்பதெல்லாம் அப்புறம்.

பேஸ்டின் வேலை என்ன என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். சிபியு மூடியும் பிளாக்கின் அடித்தகடும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் இடையில் நுண்ணிய பள்ளங்கள் இருக்கும். அவற்றில் தங்கும் காற்றை வெளியே தள்ளி அந்த இடத்தை நிரப்புவதுதான் பேஸ்டின் வேலை. வெப்பம் கடத்தும் திறனை மீட்டர்-கெல்வினுக்கு இத்தனை வாட் என்று அளப்பார்கள். காற்றுக்கு அது சுமார் 0.026, செம்புக்குச் சுமார் 400. பேஸ்ட் பொதுவாக ஓரிலக்கத்தில் இருக்கும். காற்றோடு ஒப்பிட்டால் நூறு மடங்குக்கு மேல் நல்லது, செம்போடு ஒப்பிட்டால் மிக மோசம். எனவே பள்ளம் நிரம்புகிற அளவுக்கு இருந்தால் போதும். அதற்கு மேல் இருக்கும் ஒவ்வொரு மைக்ரானும் வெப்பத்துக்குத் தடைதான்.

1. பிளாக் எதன் மேல் உட்காருகிறது?

கடைப் பட்டியலைத் திறக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். சாதாரண டெஸ்க்டாப் சிபியுவில் பிளாக் ஓர் உலோக மூடியின் மேல் உட்காருகிறது. கிராஃபிக்ஸ் கார்டில் மூடி கிடையாது. பிளாக் நேராக சிலிக்கான் டையின் (மூடியில்லாத வெறும் சில்லின்) மேலேயே உட்காருகிறது. இந்த வித்தியாசம்தான் பேஸ்ட் தேர்வில் பாதியைத் தீர்மானிக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மூடியின் மேல் 30 மில்லிமீட்டருக்கு 30 மில்லிமீட்டர் தொடுபரப்பு, 150 வாட் வெப்பம், பேஸ்ட் படலத்தின் தடிமன் 50 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸ்டின் உண்மையான கடத்துதிறன் 4 என்றால் அந்தப் படலத்தில் மட்டும் ஏறும் வெப்பநிலை சுமார் 2 டிகிரி. கடத்துதிறன் 8 என்றால் 1 டிகிரி. அதாவது இரண்டு மடங்கு நல்ல பேஸ்ட் வாங்கியதில் லாபம் ஒரே டிகிரி. வெப்பம் மூடி முழுக்கச் சமமாகப் பரவாமல் டைக்கு நேர் மேலே குவிவதால், நிஜத்தில் வித்தியாசம் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஆனாலும் பெரிதாக மாறிவிடாது. இதே கணக்கில் 8 என்ற பேஸ்டை 100 மைக்ரான் தடிமனாக விட்டால் பழையபடி 2 டிகிரிக்கே வந்து நிற்கும். பிளாக்கைச் சரியாக அழுத்தி மாட்டவில்லை என்றால் விலை உயர்ந்த பேஸ்டுக்குக் கொடுத்த காசு வீண்.

இப்போது கிராஃபிக்ஸ் கார்டு. ஆர்டிஎக்ஸ் 4090 கார்டின் டை சுமார் 608 சதுர மில்லிமீட்டர். கார்டின் 450 வாட்டில் 350 வாட் டை வழியாக வெளியேறுவதாக வைத்தால், அதே 50 மைக்ரான் படலத்தில் 4 என்ற பேஸ்டுக்கு 7 டிகிரிக்கு மேல் ஏறும். 8 என்ற பேஸ்டுக்கு மூன்றரை. இங்கே பேஸ்டின் தரம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வேலை செய்கிறது.

ஆக, மூடி போட்ட சிபியுவுக்கு நல்ல பெயருள்ள எந்தப் பேஸ்டும் சரி. யோசித்து வாங்க வேண்டியது வெறும் டைக்குத்தான்.

2. பிளாக்கின் அடித்தகடு என்ன உலோகம்?

நல்ல பிளாக்குகளில் அடித்தகடு செம்பு, அல்லது நிக்கல் பூசிய செம்பு. மலிவான சில கிட்டுகளில் அலுமினியமும் வரும். சாதாரண பேஸ்டுக்கு இதில் எதுவும் பிரச்சினை இல்லை. திரவ உலோகம் (பேஸ்டுக்குப் பதில் தடவும், உருகிய நிலையிலேயே இருக்கும் உலோகக் கலவை) போடும் ஆசை இருந்தால் மட்டும் கவனியுங்கள்: அதிலுள்ள காலியம் அலுமினியத்துக்குள் ஊடுருவி, கையால் உடைக்கிற அளவுக்கு அதைப் பொடிப்பொடியாக்கிவிடும். அலுமினியம் என்றால் அந்த ஆசையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

(அலுமினிய பிளாக்கையும் செம்பு ரேடியேட்டரையும் (நீரின் சூட்டைக் காற்றில் விடும் பகுதி) ஒரே நீர்ச்சுற்றில் கலப்பதும் தவறு. இரண்டும் சேர்ந்தால் உள்ளுக்குள் அரிப்பு தொடங்கும். பேஸ்டுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான். ஆனால் உலோகத்தைப் பார்க்கிற நேரத்தில் இதையும் பார்த்துவிடுங்கள்.)

3. டப்பாவில் எதைப் படிக்க வேண்டும்?

எல்லோரும் முதலில் படிப்பது கடத்துதிறன் எண். ஆர்க்டிக் எம்எக்ஸ்-4க்கு 8.5 என்று போட்டார்கள், தெர்மல் கிரிஸ்லி கிரையோனாட்டுக்கு 12.5. இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். இப்படிப்பட்ட பொருள்களை அளக்க ஏஎஸ்டிஎம் டி5470 என்ற தர முறை இருக்கிறது. ஆனால் எந்த அழுத்தத்தில், எந்தத் தடிமனில் அளந்தோம் என்று டப்பாவில் யாரும் எழுதுவதில்லை. அதனால் ஒரு நிறுவனத்தின் 8, இன்னொரு நிறுவனத்தின் 12ஐவிட நிஜத்தில் நன்றாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஒரே நிறுவனத்தின் இரண்டு பேஸ்டுகளை ஒப்பிட மட்டும் அந்த எண் ஓரளவு உதவும்.

எண்ணைவிட நான் நம்புவது மூன்று விஷயங்களை.

முதலாவது, மின்சாரம் கடத்துமா? பெரும்பாலான பேஸ்டுகள் சிலிக்கோன் எண்ணெயில் துத்தநாக ஆக்சைடு, அலுமினிய ஆக்சைடு போன்ற தூள்களைக் குழைத்துச் செய்தவை. அவை மின்சாரம் கடத்தாது. பிதுங்கி வழிந்தாலும் பயமில்லை. ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்5 சாக்கெட் சிபியுக்களின் மூடியில் ஓரங்களில் வெட்டுகள் இருக்கும், அவற்றில் குட்டிக் கெப்பாசிட்டர்கள் உட்கார்ந்திருக்கும். அங்கே பேஸ்ட் போய்ச் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே கடத்தாத ரகமே நிம்மதி. பழைய புகழ்பெற்ற ஆர்க்டிக் சில்வர் 5 வெள்ளித்தூள் கொண்டது. மின்சாரம் கடத்தாது என்றாலும் நெருக்கமான இரண்டு மின்தடங்களுக்கு இடையே பட்டால் தொந்தரவு வரலாம் என்று அதன் தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். அது முழுத் திறனுக்கு வர 200 மணி நேரம் வரை ஆகும் என்பதும் அவர்கள் சொன்னதே. இன்றைய பேஸ்டுகளில் இந்தக் காத்திருப்பு தேவையில்லை.

இரண்டாவது, எவ்வளவு கெட்டி? தண்ணீர் மாதிரி இளகிய பேஸ்ட் சுலபமாகப் பரவும், மெல்லிய படலமாகும், முதல் நாள் அளவில் பிரமாதமாக இருக்கும். ஆனால் டை சூடாகும்போது விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது. நாளுக்குப் பத்து இருபது தடவை இப்படி நடந்தால் இளகிய பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, நடுவில் வெறுமையாகிவிடும். இதைப் பம்ப்-அவுட் என்பார்கள். மூடி போட்ட சிபியுவில் இது மெதுவாக நடக்கும், வெறும் டையில் வேகமாக. அதனால் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கெட்டியான பேஸ்டே எடுங்கள். பரப்பக் கை வலிக்கும், பரவாயில்லை.

மூன்றாவது, எத்தனை வருடம் தாங்கும்? எம்எக்ஸ்-4க்கு 8 ஆண்டு என்கிறது ஆர்க்டிக். தன் என்டி-எச்1 சிபியு மேல் 5 ஆண்டு வரை இருக்கலாம் என்கிறது நாக்டுவா. இவை விளம்பர வாக்குதான், உங்கள் கணினி எவ்வளவு சூட்டில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து மாறும். ஆனாலும் ஆயுளைப் பற்றி வாயே திறக்காத பேஸ்டைவிட, துணிந்து ஓர் எண்ணைச் சொல்பவர்களிடம் வாங்குவது மேல்.

முதல் தடவை மாட்டுபவர் என்னிடம் கேட்டால் எம்எக்ஸ்-4, என்டி-எச்1, அல்லது இவற்றின் அடுத்த தலைமுறைகளில் ஏதோ ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். இவற்றில் எது சிறந்தது என்று சண்டை போடுவதற்குள் பிளாக்கை மாட்டி முடித்துவிடலாம். பெயர் பெற்ற பேஸ்டுகளுக்குப் போலிகள் நிறைய உலவுகின்றன. விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் அதை வாங்காதீர்கள்.

இன்னொன்று. பம்ப், ரேடியேட்டர் எல்லாம் சேர்ந்து ஒரே தொகுப்பாக வரும் கூலர் வாங்கியிருந்தால், பிளாக்கின் அடியில் பெரும்பாலும் பேஸ்ட் ஏற்கெனவே பூசியே வரும். அதைத் துடைத்துவிட்டு வேறு போட வேண்டும் என்று அவசியமில்லை. அடுத்த தடவை கழற்றும்போது யோசித்துக்கொள்ளலாம்.

4. பேஸ்ட் அல்லாத வழிகள்

திரவ உலோகம்: தெர்மல் கிரிஸ்லியின் கண்டக்டோநாட்டுக்குச் சொல்லப்படும் கடத்துதிறன் 73. பேஸ்டோடு ஒப்பிட்டால் வேறு உலகம். 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இல் சோனியே இவ்வகையைப் பயன்படுத்தியது. ஆனால் இது மின்சாரம் கடத்தும். ஒரு துளி உருண்டு கெப்பாசிட்டர் மேல் விழுந்தால் போச்சு. செம்புத் தகடு கொஞ்ச காலத்துக்குக் காலியத்தை உறிஞ்சிச் சாம்பல் நிறமாகும், படலம் வறண்டு மறுபடி போட வேண்டி வரலாம். நிக்கல் பூச்சு இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. மூடி போட்ட சிபியுவின் மேல் இதைப் போடுவது, மேலே போட்ட கணக்குப்படி, ஓரிரு டிகிரிக்காக எடுக்கும் தேவையற்ற ஆபத்து. முதல் நீர்ச்சுற்றில் இது வேண்டாம்.

நிலைமாறும் தாள்: ஹனிவெல் பிடிஎம்7950 இந்த ரகத்தில் பெயர் பெற்றது. அறை வெப்பநிலையில் மெழுகுத் தாள் மாதிரி இருக்கும், 45 டிகிரி வாக்கில் இளகிப் பள்ளங்களில் இறங்கும். பம்ப்-அவுட் இதில் மிகக் குறைவு என்பதால் வெறும் டைக்கு என் முதல் தேர்வு இதுதான். டை அளவுக்கு வெட்டி, இரண்டு பக்கமும் உள்ள பிளாஸ்டிக்கை உரித்து வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உரிய மறுத்தால் சிறிது நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். நீர்க் குளிர்விப்பில் ஒரு சிறு சிக்கல் உண்டு: தண்ணீர் நன்றாகக் குளிர்விப்பதால், லேசான வேலைகளில் அந்தத் தாள் 45 டிகிரியை எட்டாமலே இருந்துவிடலாம். முதல் நாளே கனமான விளையாட்டோ சோதனை நிரலோ ஓட்டிச் சூடேற்றி ஆறவிடுங்கள், இரண்டு மூன்று தடவை. அதற்கு முன் வரும் எண்களைப் பார்த்து ஏமாற்றமடைய வேண்டாம்.

கார்பன் தாள்களும் கிடைக்கின்றன. ஆயுள் நன்று, ஆனால் அவையும் மின்சாரம் கடத்தும். ஓரம் வெளியே நீட்டாமல் வெட்டத் தெரிந்தவர்களுக்கு மட்டும்.

5. துடைப்பது

பழைய பேஸ்டை இழை உதிராத துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். துடைத்த இடத்தை விரலால் தொடாதீர்கள்.

காற்றுக் கூலர்க்காரர்களுக்கு இல்லாத ஓர் ஆபத்து இங்கே உண்டு. நிறைய பிளாக்குகளின் மேல்பாகம் அக்ரிலிக். ஆல்கஹால் பட்டால் அக்ரிலிக் நாளடைவில் மயிரிழை விரிசல்கள் விடும். உள்ளே தண்ணீர் ஓடும் பொருளில் விரிசல் என்றால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆல்கஹாலைப் பிளாக் மேல் ஊற்றாமல், துணியில் மட்டும் நனைத்து, செம்புப் பகுதியை மட்டும் துடையுங்கள். கறுப்பாக வரும் அசெட்டல் பிளாஸ்டிக் மேல்பாகத்துக்கு இந்தப் பயம் இல்லை.

அப்புறம், புதுப் பிளாக்கின் அடித்தகட்டில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். அதை உரியுங்கள். சிரிக்காதீர்கள், நானும் ஒரு தடவை உரிக்காமல் மாட்டி, சிபியு ஏன் இப்படிச் சூடாகிறது என்று ஒரு மாலை முழுக்கப் பம்பைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

6. வைப்பதும் மாட்டுவதும்

மூடி போட்ட சிபியுவுக்கு நடுவில் ஒரு பட்டாணி அளவு, பெரிய மூடி என்றால் குறுக்குக் கோடாகப் பெருக்கல் குறி. ஏஎம்டியின் ரைசன் சிபியுக்கள் பலவற்றில் சூடாகும் டைகள் மூடியின் நடுவில் இல்லாமல் ஓரம் தள்ளி இருப்பதால், அவற்றுக்குப் பெருக்கல் குறியே எனக்குப் பிடித்த வழி. கொஞ்சம் அதிகமானால் பிதுங்கி வெளியேறிவிடும். குறைந்தால்தான் வம்பு.

வெறும் டைக்கு இந்தப் பட்டாணி வேண்டாம். ஒரு மூலை விடுபட்டாலும் அங்கே சூடு எகிறும். பிளாஸ்டிக் தகட்டால் டை முழுக்க மெல்லியதாகப் பரப்பிவிடுங்கள். கார்டில் டையைச் சுற்றியுள்ள நினைவகச் சில்லுகளுக்குப் பேஸ்ட் போதாது. அங்கே இடைவெளி பெரியது என்பதால் பேடுதான். பேடின் தடிமன் பிளாக்கின் கையேட்டில் இருக்கும். 1 மில்லிமீட்டர் கேட்ட இடத்தில் 1.5 வைத்தால் பிளாக் அங்கேயே முட்டிக்கொண்டு டையைச் சரியாகத் தொடாது. பேஸ்டைத் திட்டுபவர்களில் பாதிப் பேரின் உண்மையான குற்றவாளி இந்தப் பேடு.

ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை குறுக்காக, ஒவ்வொன்றையும் ஒன்றிரண்டு சுற்றாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் பேஸ்ட் ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தடித்துவிடும். வெறும் டையாக இருந்தால் மூலை உடையவும் கூடும். நீர் நிரப்பும் முன்பே ஒரு தடவை பிளாக்கைத் தூக்கிப் பேஸ்ட் எப்படிப் பதிந்திருக்கிறது என்று பார்ப்பது நல்ல பழக்கம். பார்த்த பின் துடைத்துப் புதிதாக வையுங்கள். கொஞ்சம் பேஸ்ட் வீண், ஆனால் பின்னால் வடிக்கும் வேலை மிச்சம்.

7. சரியாக உட்கார்ந்ததா?

நீர்க் குளிர்விப்பில் நமக்கு ஒரு வசதி உண்டு. நீரின் வெப்பநிலையை அளக்கும் சென்சர் ஒன்றைச் சுற்றில் போட்டுவிட்டால், குற்றவாளி யார் என்று பிரித்துப் பார்க்கலாம். நீரே சூடாக இருந்தால் ரேடியேட்டர், ஃபேன் பக்கம் பாருங்கள். நீர் குளிர்ச்சியாக இருந்து சில்லு மட்டும் கொதித்தால் தவறு பேஸ்டிலோ, மாட்டியதிலோ, பிளாக்குக்குள் நீர் ஓடுவதிலோ இருக்கிறது.

முழு வேலை கொடுத்து அரை மணி நேரம் விடுங்கள். நீர் மெதுவாகத்தான் சூடேறும், ஐந்து நிமிடத்தில் எடுத்த எண் பொய் சொல்லும். பிறகு சில்லின் வெப்பநிலையிலிருந்து நீரின் வெப்பநிலையைக் கழித்து, அப்போது சில்லு இழுக்கும் வாட்டால் வகுங்கள். சில்லு 72, நீர் 34, இழுப்பது 190 வாட் என்றால் வித்தியாசம் 38, வாட்டுக்கு 0.2 டிகிரி. இந்த எண்ணைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம், சில்லுக்குச் சில்லு மாறும்.

வாட்டால் வகுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரைசன் 7000 வரிசையின் பெரிய சிபியுக்கள் முழு வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. நல்ல பேஸ்ட் போட்டால் அவை வெப்பநிலையைக் குறைப்பதற்குப் பதில் கூடுதல் வாட் இழுத்து வேகமாக ஓடக்கூடும். டிகிரியை மட்டும் பார்த்தால் ஒன்றுமே மாறாத மாதிரி தெரியும்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இதே சோதனையை ஓட்டுங்கள். அந்த எண் 0.2லிருந்து 0.21 ஆனால் விட்டுவிடலாம். 0.26, 0.28 என்று ஏறினால் பேஸ்ட் வறண்டிருக்கலாம், தள்ளப்பட்டிருக்கலாம், அல்லது பிளாக்கின் உள்துடுப்புகளில் அழுக்கு அடைத்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் பிளாக்கைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். அடுத்து நீர் மாற்றும் நாளுக்கு அதைத் தள்ளிவையுங்கள். வடிக்கிற வேலை எப்படியும் இருக்கும் அன்று இரண்டையும் சேர்த்து முடித்துவிடலாம். ஏஎம்4 சிபியுவாக இருந்தால் கழற்றும் முன் கணினியைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளாக்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகிய பிறகே தூக்குங்கள். நேராக இழுத்தால் சாக்கெட்டிலிருந்து சிபியுவும் பிளாக்கோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.